பனம்பழமும் ராக்கெட்டும்: புவியீர்ப்பு பற்றிக் கொஞ்சம்

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" எல்லோருக்கும் தெரியும். காக்கா உட்கார்ந்ததால் விழுந்ததா, தானாகவே விழுந்ததா என்றுதான் தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். காம்பு விட்டுப்போன பழம் ஏன் கீழேதான் வரணும், அந்தரத்தில் அப்படியே நின்றால் என்ன என்று அந்தப் பழமொழியில் யாரும் கேட்கவில்லை. காக்காவுக்குக் கிடைத்த கவனம் பூமிக்குக் கிடைக்கவில்லை பாவம் :-)

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் உவரி. பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்கும் எனக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முடிந்தது. "அக்கவுண்டன்சி படிக்கிறவனுக்குப் புவியீர்ப்பு எதற்கு?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில்: எங்கள் ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இந்தப் பக்கம் பணகுடியைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைக் கட்டிப்போட்டு எரித்துச் சோதிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கடலை நம்பிப் பிழைக்கிற ஊர்கள். ராக்கெட் எதை எதிர்த்துப் போராடுகிறது என்று தெரியாமல் ராக்கெட்டைப் பற்றி நாம் என்ன பேச முடியும்?

அதனால் சூத்திரம் எதுவும் இல்லாமல், எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். கணக்குப் பாடத்தைக் கண்டால் ஓடுகிறவர்களும் தைரியமாக வாசிக்கலாம்.

முதல் விஷயம். "கீழே" என்று ஒரு திசை தனியாகக் கிடையாது. பூமியின் நடு மையத்தை நோக்கிய திசைக்குத்தான் "கீழே" என்று பெயர். உவரியில் விழும் பனம்பழமும், உருண்டையின் மறுபக்கம் அமெரிக்காவில் விழும் ஆப்பிளும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஆனால் இரண்டுக்கும் அது "கீழே"தான். அந்தப் பக்கத்து ஆட்கள் ஏன் தலைகீழாகத் தொங்கவில்லை என்ற சின்ன வயசுச் சந்தேகம் இதோடு முடிந்தது.

இரண்டாவது விஷயம். இழுப்பது பூமி மட்டும் இல்லை. எடையுள்ள எல்லாப் பொருளும் மற்ற எல்லாப் பொருளையும் இழுக்கிறது. 1687-இல் நியூட்டன் சொன்னதன் சாரம் இதுதான். பூமி பனம்பழத்தை இழுக்கிறது. பனம்பழமும் பூமியை இழுக்கிறது. அதுவும் அதே அளவு விசையோடு. வணிகவியல் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரட்டைப் பதிவு முறை! ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் அதே தொகைக்கு வரவு எழுதியே ஆக வேண்டும். இழுப்புக் கணக்கிலும் ஒற்றைப் பதிவு கிடையாது. பிறகு ஏன் பழம் மட்டும் நகர்கிறது? ஒரே தொகையைப் பெட்டிக்கடைக் கணக்கிலும் ரிசர்வ் வங்கிக் கணக்கிலும் எழுதினால் எது ஆட்டம் காணும்? அவ்வளவுதான். பூமியும் நகரத்தான் செய்கிறது. ஆனால் அது எந்தக் கருவியிலும் அகப்படாத அளவு.

மூன்றாவது, தூரம் கூடக் கூட இழுப்பு குறையும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. குறைந்துகொண்டே போகும், ஆனால் எங்கேயும் முழுசாக அற்றுப்போகாது.

எல்லாப் பொருளும் இழுக்கும் என்றால் ஒரு மலை இழுக்க வேண்டாமா? இழுக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு தொங்கவிடுவார் இல்லையா, ஒரு பெரிய மலைக்குப் பக்கத்தில் அந்தக் குண்டு மலைப் பக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு சாயும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவை அளந்த நில அளவைக்காரர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் தொடங்கிய அளவை அது. வடக்கே போய் இமயமலையை நெருங்கியபோது, வான அளவையும் தரை அளவையும் லேசாக ஒத்துப்போகவில்லை. இமயமலை தூக்குக்குண்டை இழுக்கிறது என்று சந்தேகித்து, கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார் 1850-களில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவ்வளவு பெரிய மலை எவ்வளவு இழுக்க வேண்டுமோ, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது என்று வந்தது! மலைக்கு அடியில் உள்ள பாறை எடை குறைந்தது, மலை மேலே துருத்திக்கொண்டிருப்பதை அடியில் உள்ள லேசான பாறை ஈடுகட்டுகிறது என்ற முடிவுக்குப் போக அந்த வித்தியாசம்தான் வழிகாட்டியது. ஐந்தொகை டேலி ஆகாதபோது எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவோமே, அதே வேலை.

இதில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1865-க்கும் 1871-க்கும் இடையில் பசேவி என்ற ஆங்கிலேய அதிகாரி ஊர் ஊராக ஊசல்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஊசல் ஈர்ப்பு கூடிய இடத்தில் வேகமாக ஆடும், குறைந்த இடத்தில் மெதுவாக ஆடும். ஒரு நாளில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணினால் அந்த இடத்து ஈர்ப்பு கையில் வந்துவிடும். அவர் அளந்த இடங்களின் பட்டியலில் கன்னியாகுமரிப் பக்கத்துப் புன்னையும் உண்டு, கூடங்குளமும் உண்டு! இன்று அணுமின் நிலையத்துக்காக உலகம் அறிந்த ஊர், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஈர்ப்பு அளவைப் பட்டியலில் ஏறிவிட்டது. பசேவி அங்கிருந்து மினிக்காய் தீவுக்கும் போனார். கடைசியில் லடாக்கில், 15,000 அடிக்கு மேலான குளிரில் அளந்துகொண்டிருந்தபோது 1871-இல் இறந்துபோனார். ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதை அளக்க ஒரு மனிதர் உயிரையே கொடுத்திருக்கிறார்.

மாறுகிறது என்றால் எவ்வளவு? பூமி சுத்தமான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் பிதுங்கியது. சுழல்வதால் நடுப்பகுதியில் இழுப்பு இன்னும் கொஞ்சம் குறைந்து தெரியும். உவரிக் கரையில் 100 கிலோ சீலா மீனை ஸ்பிரிங் தராசில் நிறுத்து, அதே தராசையும் அதே மீனையும் லண்டனுக்குக் கொண்டுபோனால் சுமார் 300 கிராம் கூடக் காட்டும். வாங்கி விற்க நல்ல வழியாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். விமானச் செலவு இடிக்கும் :-) அதோடு பழைய தட்டுத் தராசில் வித்தியாசமே தெரியாது. அங்கே மீனுக்கு எவ்வளவு இழுப்புக் கூடுகிறதோ அதே விகிதத்தில் படிக்கல்லுக்கும் கூடிவிடும். மீனில் உள்ள சரக்கு மாறவில்லை, பூமி அதை இழுக்கும் அளவுதான் மாறியது. இயற்பியலில் முன்னதற்கு நிறை என்றும் பின்னதற்கு எடை என்றும் பெயர்.

இனி நம் கடலுக்கு வருவோம். எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது இதுதான். கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில், உலகத்திலேயே பெரிய "ஈர்ப்புப் பள்ளம்" இருக்கிறது. பூமியைச் சீரான வடிவமாக வைத்துப் போட்ட கணக்குப்படி கடல் மட்டம் எங்கே இருக்க வேண்டுமோ, அதைவிடச் சுமார் 106 மீட்டர் தாழ்ந்து இருக்கிறது. 1948-இல் வெனிங் மைனஸ் என்ற டச்சு விஞ்ஞானி கண்டுபிடித்தார். பூமிக்கு அடியில் அந்த இடத்தில் சரக்கு குறைவு. அதனால் இழுப்பும் குறைவு. சுற்றியுள்ள பகுதிகள் தண்ணீரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள, இங்கே தண்ணீர் தாழ்ந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் அடி ஆழத்திலிருந்து வந்த சூடான, லேசான பாறைக் குழம்பு அடியில் எழும்பியிருப்பதுதான் காரணம் என்று 2023-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டுச் சொன்னார்கள். நம் கரையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது.

"அப்படியென்றால் தெற்கே போகும் படகு சறுக்கிக்கொண்டு போகாதா?" போகாது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. சறுக்குவதற்குச் சரிவு வேண்டும். எது சரிவு, எது மட்டம் என்று தீர்மானிப்பதே ஈர்ப்புதான். தண்ணீர் எப்போதும் ஈர்ப்புக்குக் குறுக்காகத்தான் படியும். கொத்தனாரின் ரசமட்டத்தில் உள்ள குமிழியும் அதைத்தான் காட்டுகிறது. அதனால் அந்தப் பள்ளத்தின் நட்ட நடுவில் மிதக்கிறவருக்கும் கடல் சமமாகத்தான் தெரியும். செயற்கைக்கோளில் இருந்து அளந்தால்தான் பள்ளம் பிடிபடும்.

சரி, பழம் விழுகிறது. நிலா ஏன் விழவில்லை?

நிலாவும் விழுகிறது! நியூட்டனுடைய பெரிய பாய்ச்சலே இதுதான். எங்கள் கடற்கரையில் நின்று ஒரு கல்லைக் கடலைப் பார்த்து எறியுங்கள். வளைந்து போய் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தூரத்தில் விழும். பூமியும் வளைந்திருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தில் வரும் கப்பலின் மேல்பாகம் முதலில் தெரிந்து உடம்பு பிறகு தெரிவதை நாங்கள் சின்ன வயசிலிருந்தே பார்க்கிறோம். 8 கிலோமீட்டர் தூரத்தில் பூமி சுமார் 5 மீட்டர் கீழே வளைந்துவிடுகிறது. எந்தப் பொருளும் முதல் நொடியில் விழும் ஆழமும் ஏறத்தாழ 5 மீட்டர். அப்படியானால், காற்று மட்டும் தடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கல்லை எறிந்தால்? கல் 5 மீட்டர் விழும்போது தரையும் 5 மீட்டர் விலகிப் போயிருக்கும். விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடவே தொடாது. அதுதான் சுற்றுப்பாதை. நிலா நம்மைவிட 60 மடங்கு தூரத்தில் இருப்பதால் இழுப்பு 3,600-இல் ஒரு பங்கு. அது ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விழுகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. பனம்பழத்துக்கும் நிலாவுக்கும் ஒரே சட்டம்தான். நிலாவுக்குப் பக்கவாட்டு வேகம் இருக்கிறது, பழத்துக்கு இல்லை.

அந்த நிலா நம் கடலையும் சும்மா விடுவதில்லை. தன் பக்கம் உள்ள தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவும், மறுபக்கத் தண்ணீரைக் கொஞ்சம் குறைவாகவும் இழுக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் கடல் எழும்புகிறது. அமாவாசை, பௌர்ணமிக்குச் சூரியனும் அதே வரிசையில் சேர்வதால் ஏற்றமும் வற்றமும் கூடுதல். கடலுக்குப் போகிற வீடுகளில் காலண்டரில் பிறை பார்ப்பது சாமி கும்பிட மட்டும் இல்லை.

அடுத்தது, விண்வெளியில் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு இல்லையா? இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில், தரையில் இருக்கும் ஈர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. மிதப்பது ஏன் என்று புரிய எங்கள் ஊர்க் காட்சி ஒன்று உதவும். உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் நேர்த்திக்கடனாகக் கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மண் சுமந்து கரையில் கொட்டுவார்கள். தண்ணீருக்குள் பெட்டி லேசாக இருக்கும், வெளியே வந்ததும் கனக்கும். பூமியின் இழுப்பு மாறவில்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்ததைத் தலை தாங்க வேண்டியதாகிவிட்டது. அதாவது "கனம்" என்று நாம் உணர்வது இழுப்பை அல்ல, தாங்கலை. தாங்க எதுவும் இல்லாவிட்டால் கனமும் தெரியாது. பைபர் படகு பெரிய அலையின் உச்சியிலிருந்து பொத்தென்று இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு வெறுமை வருமே, அந்த அரை நொடி நீங்களும் விண்வெளி வீரர்தான். அவர்களுக்கு அந்த அரை நொடி மாதக்கணக்கில் நீள்கிறது.

இந்த இடத்தில்தான் ஐன்ஸ்டீன் பிடித்துக்கொண்டார். விழுகிறவனுக்குத் தன் கனம் தெரியாது என்ற யோசனை 1907-இல் அவருக்கு வந்தது. அதிலிருந்து தொடங்கி 1915-இல், ஈர்ப்பு என்பது கயிறு கட்டி இழுப்பது மாதிரி இல்லை, பெரிய பொருள்கள் தங்களைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கின்றன, அந்த வளைவில் மற்றவை நகர்கின்றன என்று சொல்லிவிட்டார். காலம் வளைவதாவது! ஆனால் அதற்குச் சாட்சி எங்கள் படகுகளிலேயே இருக்கிறது. ஜிபிஎஸ். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். செயற்கைக்கோளின் வேகம் அதில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். போக மீதி, நாள் ஒன்றுக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு. இவ்வளவுதானா என்று விட்டால், ஒரே நாளில் இடம் காட்டுவதில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். எல்லை தாண்டியதாகப் பிடிபடும் பயத்தோடு மன்னார் வளைகுடாவில் தொழில் செய்கிறவர்களுக்கு 10 கிலோமீட்டர் என்பது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் குலசைக்கு வருவோம். எங்கள் சித்தப்பா கேட்டார்: "ஏல, ராக்கெட்டு நட்டமா மேலதான போவுது? பொறவு எதுக்கு அன்னைக்குக் கடலுக்குப் போவாதீங்கன்னு சொல்லணும்? ஆகாசத்துல போறதுக்கும் கடல்ல கெடக்க எங்களுக்கும் என்னல சம்பந்தம்?"

இதுவரை பார்த்ததை வைத்துப் பதில் சொல்லலாம். மேலே மட்டும் போனால் திரும்பி விழுந்துவிடும். அடிக்கல் நாட்டிய அன்று குலசையிலிருந்து விட்ட ரோகிணி வகைச் சிறு ராக்கெட் அப்படி ஏறி இறங்குகிற சாதிதான். செயற்கைக்கோள் சுற்ற வேண்டுமானால் உயரம் போதாது, அந்த 8 கிலோமீட்டர் பக்கவாட்டு வேகம் வேண்டும். அதனால் ராக்கெட் கொஞ்ச நேரத்திலேயே சாய்ந்து கடலுக்கு மேலேதான் ஓடும். எரிந்து முடிந்த கீழ் அடுக்குகள் கழன்று கடலில் விழும். ஈர்ப்பு அவற்றை விட்டுவைக்காது. துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் வழியில் இலங்கை வருகிறது. வளைத்து ஓட்ட வேண்டும், எரிபொருள் வீண். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் திறந்த கடல்தான். அதனால்தான் இந்த இடம்.

பக்கவாட்டுப் பாதை சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில், 356 கிலோமீட்டர் உயர வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்கிற நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டன. அந்த உயரத்தில் காற்று தடுத்தது, வேகம் போனது, விழுந்துவிட்டன. நாடு முழுவதும் அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து செய்த ஆசாதிசாட்டும் அதில் ஒன்று. அடுத்த ஆண்டு பிப்ரவரி 10-இல் அதன் இரண்டாவது பதிப்பு சரியான வேகத்தோடு போய்ச் சேர்ந்தது.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எங்க விழும், எப்ப விழும்னு முன்கூட்டியே கணக்கா சொல்ல முடியும்லா? சொல்லட்டும். எந்த எடம், எத்தன மணிநேரம், அன்னைக்குத் தொழிலுக்கு என்ன வழின்னு."

அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் மூன்று வருஷம் பி.காம். படித்தும் இவ்வளவு சுருக்கமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. ஈர்ப்பு யாருக்காகவும் சட்டத்தை மாற்றிக்கொள்ளாது, அதனால்தான் அதை வைத்து முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது. புழுகு சொல்லாத சட்டம் ஒன்று கையில் இருக்கும்போது, அதை வைத்துப் போட்ட கணக்கை விழப்போகிற கடலின் சொந்தக்காரர்களுக்கும் காட்டச் சொல்வதில் தவறு இல்லை. முதல் குரூப் எடுத்தவர்கள்தான் கேட்கணும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லையே.